கடிகாரம் மாறிய இரவில் எடுத்த சாம்பிள்கள் வீணா? வந்து மூன்று வாரம்தான்

புதுவரவு:
வணக்கம். உடல் கடிகார ஆய்வில் போஸ்ட்டாக்காக (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு வேலை) சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. சனி காலை 8 முதல் திங்கள் காலை 8 வரை, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை சாம்பிள் எடுக்கும் வேலை. தனியாகத்தான் செய்தேன். ஞாயிறு அதிகாலை இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிட்டார்கள். இந்தப் பழக்கம் எனக்குப் புதிது. போன் தானாக மாறியிருக்கிறது. நான் அதன் அலாரத்தை நம்பித்தான் எடுத்தேன். இன்று லேப்பில் ஒருவர் சொன்ன பிறகுதான் உறைத்தது. எல்லாம் போச்சா? கைடிடம் எப்படிச் சொல்வது? என் விசாவே இந்த வேலையை நம்பித்தான் இருக்கிறது. யாராவது சொல்லுங்கள், கை நடுங்குகிறது.

ஐந்தாம் வருடம்:
தம்பி, முதலில் ஜெட்லாக்கைச் சரிசெய்யுங்கள். மனித உடல் கடிகாரத்தின் சுற்று சராசரியாக 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளம். அதனால்தான் கிழக்கே பறந்தவர்களுக்கு அதிக நாள் பிடிக்கிறது. நீங்கள் எந்தப் பக்கம் போனீர்கள் என்று சொல்லவே இல்லையே?

தூக்க ஆய்வு அக்கா:
மூன்று வாரத்தில் ஜெட்லாக் தீர்ந்திருக்கும். இது தூக்கக் கடன், தூங்காமல் விட்டது சேர்ந்துகொண்டே போவது, வேறு விஷயம். 1982-இல் தூக்க ஆய்வாளர் போர்பெய் உடல் கடிகாரத்தையும் தூக்கக் கடனையும் பிரித்துக் காட்டிய பிறகும் நாம் குழப்பிக்கொள்கிறோம்.

நான் வந்த புதிதில் இருட்டறைக் கதவைச் சரியாகச் சாத்தாமல் விட்டேன். வராந்தா வெளிச்சம் ஒரு கீற்று கூண்டுகள் மேல் விழுந்தது. அடுத்த சில நாள் பதிவில், எலிகள் ஓடத் தொடங்கும் நேரம் பக்கவாட்டில் நகர்ந்திருந்தது. பத்து வார வேலை. ஒரு மாதம் யாரிடமும் சொல்லாமல் மனதுக்குள்ளேயே வைத்துப் புழுங்கினேன். அந்த ஒரு மாதம்தான் இன்னும் வலிக்கிறது. இன்றே சொல்லிவிடுங்கள்.

இரவுப்பறவை:
உடனே சொல்லாதீர்கள். வந்த மூன்றாம் வாரமே பெயர் கெட்டால் பரிந்துரைக் கடிதம் வரை தொடரும். சத்தமில்லாமல் திரும்ப எடுத்துவிடுங்கள்.

தூக்க ஆய்வு அக்கா:
விலங்குகள் என்றால் அனுமதி இல்லாமல் ஒன்றுகூடத் திரும்பச் செய்ய முடியாது. தயவுசெய்து இப்படிச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

ஐந்தாம் வருடம்:
இரண்டு இரவு ஒருவரைத் தனியாக விட்டதுதான் முதல் தப்பு. உடல் கடிகாரத்தைக் குலைக்கும் ஷிப்ட் வேலை அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 2007-இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியது. நம் துறைக்கு இது தெரியாதா? ஒரு வருட ஒப்பந்தம், அடுத்த வருடம் என்ன ஆகும் என்று தெரியாது, எதிர்த்துக் கேட்கவும் முடியாது.

இரவுப்பறவை:
என் முதல் குளிர்காலம் முழுக்க இப்படித்தான் போனது. வெயிலையே பார்க்கவில்லை.

இருட்டறை:
பேச்சு எங்கோ போய்விட்டது. தம்பி, மூன்று விஷயம் சொல்லுங்கள். பழ ஈயா, சுண்டெலியா? விளக்கு எரிந்து அணைந்ததா, முழு இருட்டா? விளக்கின் டைமரும் தானாக மாறியதா?

புதுவரவு:
சுண்டெலி, அண்ணா. விளக்கு காலை 6-க்கு எரியும், மாலை 6-க்கு அணையும். டைமர் பழைய வகை, கையால் திருப்புவது. யாரும் தொடவில்லை.

இருட்டறை:
அப்படியென்றால் எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாறியது உங்கள் அலாரம் மட்டும்தான்.

நம் கணக்கு விளக்கு எரியும் நேரத்திலிருந்து, அதுதான் இசட்.டி. 0 (விளக்கு எரிந்து எத்தனை மணி நேரம் என்பதே இந்த எண்). முதல் ஐந்து வேளை (சனி 8 முதல் நள்ளிரவு 12 வரை) சரியாக இருக்கிறது. அடுத்த எட்டு வேளையும் ஒரு மணி நேரம் முன்னதாக எடுத்தவை. இசட்.டி. 22 என்று எழுதியது உண்மையில் 21, அடுத்த நாள் 2 என்பது 1. பழைய லேபிளை அழிக்காதீர்கள். பக்கத்தில் திருத்தி எழுதித் தேதி போடுங்கள். 24 மணி நேர ஏற்ற இறக்கத்தைக் கணிக்கக் கொசைன் வளைவு பொருத்துவதற்குச் சம இடைவெளி கட்டாயமில்லை, உண்மையான நேரம் தெரிந்தால் போதும். ஆனால் இரண்டு நாள் சாம்பிளையும் ஒரே நேரம் என்று சேர்த்துச் சராசரி எடுக்காதீர்கள்.

மெயிலில் முதல் வரியிலேயே நடந்ததைச் சொல்லுங்கள், கீழே திருத்திய அட்டவணை. மன்னிப்பு ஒரு வரி போதும். அப்புறம், அடுத்த முறை பாதி எலிகளை வெளிச்சம் தலைகீழாக உள்ள பெட்டியில் இரண்டு வாரமாவது பழக்குங்கள். இரவு வேளைகளைப் பகலிலேயே எடுத்துவிடலாம்.

புதுவரவு:
எட்டு வேளை சாம்பிள்களிலும் திருத்தி எழுதிவிட்டேன். மெயிலும் அனுப்பியாயிற்று. இன்னும் பதில் வரவில்லை.