கைப்பிரதியோட அலையுறவங்க கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க

தாமிரபரணிக்காரி:
ஒரு பதிப்பகத்துல நாவலைக் கொடுத்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, பதிலே இல்ல. ஜனவரியில நந்தனம் புத்தகக் காட்சிக்கு வரும்போது வாங்கிக்கிறேன்னு போன் பண்ணேன். ஸ்டால்ல பில் போடுற தம்பி கவரை நீட்டி, "இப்போதைக்கு முடியாதாம் மேடம்"னாரு. அவ்வளவுதான். மொளகா பஜ்ஜி விக்கிற இடத்துல உக்காந்து பிரிச்சேன். முதல் அத்தியாயம் சுத்தமா இருக்கு. நடுவுல, துட்டி கேக்க வந்தவ திண்ணையில உக்காந்து "காபிக்குச் சீனி கம்மியா"ன்னு சொல்ற இடம் வரும். அதுக்குப் பக்கத்துல பென்சில்ல, "இவள் இன்னும் கொஞ்சம் வரட்டும்." கடைசிப் பக்கம் வரைக்கும் அங்கங்க மெல்லிசா கோடு. வேண்டாம்னு சொன்ன இடத்துலயே ஒருத்தர் முழுசாப் படிச்சிருக்காங்க! யாருன்னு தெரியாம மண்டை காயுது. உங்களுக்கு யாருக்காவது இப்படி?

டெல்டா வாசகன்:
மெய்ப்பு பாக்குறவரா இருக்கும்க்கா. நெசமாவே எழுத்தெழுத்தாப் படிக்கிற ஆளு அங்க அவங்கதான். என் கதை ஒரு சிற்றிதழ்ல வந்தப்போ எங்கப்பா படிக்கல. ஆனா சலூனுக்கு எடுத்துட்டுப் போய் மேசை மேல, அட்டை தெரியுற மாதிரி வெச்சுட்டு வந்துட்டாரு. முடி வெட்டுற அண்ணன் என்னைப் பாத்ததும் கேட்டாரு: "அந்த மாடு செத்துருச்சா, இல்லையா? தெளிவாச் சொல்லலையே." இன்னும் பதில் சொல்லத் தெரியல.

பேனாமூடி:
கோவிச்சுக்காதீங்க, பென்சில் கோட்டை நம்பியெல்லாம் உக்காரக் கூடாது. எனக்கு "படிச்சோம், அருமை"ன்னே போன் வந்துச்சு. பணம் கட்டினேன் (பதிப்பகம் பேரு வேண்டாம்). பார்சலைப் பிரிச்சா பின்னட்டையில என் பேருக்கு மேல வேற யாரோ மீசைக்காரர் போட்டோ. எனக்கு மீசையே கிடையாது.

அதனால சொல்றேன். ஐஎஸ்பிஎன்னுக்கு (புத்தகத்தோட அடையாள எண்) தனியாப் பணம் கேட்டா கொடுக்காதீங்க. மத்திய அரசோட ராஜா ராம்மோகன் ராய் முகமை அதை இலவசமாத்தான் தருது, தனியாள் பேர்லயும் விண்ணப்பிக்கலாம். ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும். எத்தனை வருஷத்துக்கு உரிமைன்னு போடாம விட்டா, பதிப்புரிமைச் சட்டம் 19ஆம் பிரிவுப்படி 5 வருஷம்தான் கணக்கு. "நிரந்தரமாக"ன்னு ஒரு வார்த்தை இருந்தா அடிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போடணும். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு மூணையும் தனித்தனியா எழுதச் சொல்லுங்க. அச்சுக்குப் போறதுக்கு முந்தி அட்டையை, பின்னட்டையையும் சேத்து, பிடிஎஃப்ல கேட்டு வாங்கிப் பாருங்க. நூலக ஆணை (அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்குற உத்தரவு) வந்துடும்னு யாராவது சொன்னா, வந்தப்புறம் பேசிக்கலாம்னு சொல்லிடுங்க.

எழும்பூர் மேம்பாலம்:
அவங்க ஒப்பந்தமா கேட்டாங்க? படிச்சவங்களைத் தேடுறாங்க. அதைப் போய்ச் சட்டப்பிரிவு சொல்லி அடக்குறீங்களே.

நானும் காசு கொடுத்துதான் கவிதைத் தொகுப்பு போட்டேன். எங்கயும் விக்கல, கட்டு கட்டா கட்டிலுக்கு அடியில கெடக்கு. ஏதோ வேலையா எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போனவ, சும்மா என் பேரைத் தேடச் சொன்னேன். இருந்துச்சு! உள்பக்கம் நூலக முத்திரை, பேனாவுல வரிசை எண். கண்ணாடி போட்ட அந்த ஊழியரம்மா, "இது நீங்களாம்மா?"ன்னு நிமிந்து பாத்தாங்க பாருங்க, அந்தப் பார்வைக்கு அடுத்த தொகுப்பும் எழுதிட்டேன். காசு கொடுத்துதான் போடணும்னா அதையும் கொடுப்பேன்.

பேனாமூடி:
அது அதிர்ஷ்டம் இல்லீங்க. 1954 சட்டப்படி பதிப்பாளர் 30 நாளுக்குள்ள கன்னிமாராவுக்கு ஒரு பிரதி அனுப்பியே ஆகணும். கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும்தான்.

எழும்பூர் மேம்பாலம்:
சட்டம் அனுப்பி வைக்கும் சார், நிமிந்து பாக்க வைக்குமா? அது சரி, மீசைக்காரர் புத்தகமும் அங்க போயிருக்குமே. பாத்தீங்களா?

பேனாமூடி:
நான் இன்னும் போய்ப் பாக்கல. திங்கக்கிழமை எழும்பூர்ல ஒரு வேலை இருக்கு.