கலைச்சொல் தேவை: இரத்தத்தில் உலவும் புற்றுச் செல்

எழுதியவர்: மொழிபெயர்ப்பாளர்

அனைவருக்கும் வணக்கம். மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்களின் இரத்தத்தில் 'சர்குலேட்டிங் டியூமர் செல்'களை எண்ணிப் பார்க்கும் ஓர் ஆய்வுக்கான ஒப்புதல் படிவத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அது நெறிமுறைக் குழுவிடம் போயாக வேண்டும். இந்தச் சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. 'சுழலும் கட்டிச் செல்கள்' என்று எழுதிவைத்தேன், மனம் ஒப்பவில்லை. 'கட்டிச் செல்' என்பதை ஏவலாகவும் படிக்கலாம்: எதையோ கட்டிக்கொண்டு போ என்று பொருள் வந்துவிடும். செல்லை 'உயிரணு' ஆக்கலாம் என்றால், பொதுவழக்கில் அது விந்தணுவைக் குறிக்கத் தொடங்கி நெடுநாளாகிறது. படிவத்தில் கையெழுத்திடப்போகிறவர் நோயாளி. அவருக்குப் புரிய வேண்டும், மருத்துவரும் மறுக்கக் கூடாது. உதவுங்கள்.

எழுதியவர்: தமிழாசிரியர்

அன்புடையீர், 'சுழல்' வேண்டாம். சுழல்வது இருந்த இடத்திலேயே சுற்றுவது. 'திரிசெல்' என்று வையுங்கள். வினைத்தொகை, திரிந்த, திரிகின்ற, திரியும் என முக்காலமும் அதில் அடக்கம். அதைவிட முக்கியமானது, திரிதலுக்கு இரண்டு பொருள் உண்டு. அலைதல் ஒன்று, இயல்பு மாறுதல் மற்றொன்று. பால் திரிகிறது என்கிறோம். நன்னூலார் விகாரப் புணர்ச்சியைத் தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்றாக்கியபோது இந்த இரண்டாம் பொருளைத்தான் எடுத்துக்கொண்டார். மார்பகத்தின் ஒரு செல் முதலில் தன் இயல்பு திரிகிறது, பிறகு இடம்விட்டுத் திரிகிறது. நோயின் கதை முழுவதையும் ஒரே வினையடி சொல்லிவிடுகிறது. இப்படி ஒரு சொல் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது வேறு தேடுவானேன்?

எழுதியவர்: ஆய்வக நண்பர்

ஐயாவின் சொல் அழகாக இருக்கிறது, ஆனால் எங்கள் துறையில் இடிக்கும். 'திரிபு' என்பதை மரபணு மாற்றத்துக்கும் வைரஸின் மாறிய வடிவங்களுக்கும் ஏற்கெனவே புழங்கிவருகிறோம். 'திரிசெல்' என்றால் மரபணு மாறிய செல் என்றுதான் மாணவர் எடுத்துக்கொள்வார். கட்டியை விட்டு நகராத செல்லும் அப்படி மாறியதுதானே?

'சுழல்' வேண்டாம் என்பதை நானும் ஏற்கிறேன். என் காரணம் வேறு. கட்டியிலிருந்து பிரிந்த செல்களில் பெரும்பாலானவை சில மணி நேரத்தில் இரத்தத்திலேயே அழிந்துபோகின்றன. பல செல்கள் நுண்குழாய்களைவிடப் பெரியவை. முதல் சுற்றிலேயே நுரையீரல் போன்ற இடங்களில் சிக்கிவிடுகின்றன. ஆகவே சுற்றிச் சுற்றி வரும் என்ற படமே தவறானது.

எண்ணும் முறையையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாக்கத்துக்கு அது உதவும். நாங்கள் எடுப்பது 7.5 மில்லிலிட்டர் இரத்தம். ஒரு மில்லிலிட்டரில் சிவப்பணுக்கள் மட்டுமே கோடிக்கணக்கில் இருக்கின்றன. அந்தக் கூட்டத்தில் நாம் தேடுவது விரல்விட்டு எண்ணக்கூடிய செல்களை. புற்றுச் செல்லின் புறப்பரப்பில் இருக்கும் எப்கேம் என்ற புரதத்தைப் பற்றும் எதிர்ப்பொருளை நுண்ணிய இரும்புத் துகள்களில் பூசிக் கலந்து, காந்தத்தால் இழுக்கிறோம். இழுத்தவற்றிலும் வெள்ளையணுக்கள் ஒட்டிக்கொண்டு வரும். பிறகு ஒளிரும் சாயம் ஏற்றிப் பார்ப்போம். மார்பகம் போன்ற உறுப்புச் செல்களின் புரதமான சைட்டோகெரட்டின் ஒளிர வேண்டும், வெள்ளையணுவின் அடையாளமான சிடி45 ஒளிரக் கூடாது, உட்கரு தெரிய வேண்டும். மூன்றும் பொருந்தினால்தான் ஒன்று என்று எண்ணுவோம். எப்கேமை இழந்துவிட்ட புற்றுச் செல் இந்த வலையில் அகப்படாமலே போய்விடும். அதனால் 'இல்லை' என்று வரும் முடிவுக்கு 'அகப்படவில்லை' என்பதே சரியான பொருள். படிவத்தில் இந்த வேறுபாடு கட்டாயம் இருக்க வேண்டும்.

எழுதியவர்: யாழ்ப்பாணத்து வாசகர்

இலங்கைப் பாடநூல்களில் செல் என்பது கலம். கலப்பிரிவு என்று படித்தே வளர்ந்தோம், ஒருவருக்கும் புரியாமல் போகவில்லை. குருதிச் சுற்றோட்டம் என்ற தொடரும் எங்களிடம் நிலைத்திருக்கிறது. ஆகவே 'சுற்றோட்டப் புற்றுக்கலம்'. நல்ல தமிழ்ச் சொல் ஒரு நாட்டின் வகுப்பறைகளில் புழங்கிக்கொண்டிருக்க, 'செல்' என்று ஆங்கிலத்தை அப்படியே எழுதிவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

எழுதியவர்: தமிழாசிரியர்

கலத்தை வரவேற்கிறேன். ஆனால் தமிழகத்து வாசகர் அதைப் பாத்திரம் அல்லது மரக்கலம் என்றே எடுத்துக்கொள்வார். போதாததற்கு இரத்தக் குழாயைக் குருதிக்கலன் என்று வழங்குவதும் உங்கள் மரபே. கலனுக்குள் ஓடும் கலம் என்றால் மகரத்துக்கும் னகரத்துக்கும் இடையில் நோயாளி தடுமாறுவார்.

எழுதியவர்: சொல்லாய்வு அன்பர்

செல் ஆங்கிலம் என்று யார் சொன்னது? கறையானுக்குத் தமிழில் செல் என்று பெயர். செல்லரித்த ஏடு என்று இன்றும் எழுதுகிறோம். கறையான் வாழும் இடம் புற்று. அந்தப் புற்றின் பெயரால் அமைந்தது புற்றுநோய். செல்லுதல் என்றால் போதல். புற்றை விட்டுச் செல்லும் செல்! ஒலியால் வந்து சேர்ந்ததாகவே இருக்கட்டும், சொல் நம் வீட்டுக்குள் வந்து சரியான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இன்னும் ஒரு படி மேலே போகிறேன். புற்றிலிருந்து பறந்து போய்ப் புதுப் புற்று வைப்பது ஈசல். ஆயிரம் புறப்பட்டால் அநேகமாக எல்லாம் மடியும், ஒன்றிரண்டு மண்ணில் இறங்கிக் குடியமைக்கும். மார்பகப் புற்றால் இறந்தவர்களின் உடற்கூறாய்வுப் பதிவுகளைக் கொண்டு 1889இல் ஆங்கில அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட் சொன்ன, புற்றுச் செல் விதை, அது வேரூன்றும் உறுப்பு மண் என்ற கருத்துக்கு இதைவிட நெருக்கமான தமிழ் உண்டா? 'புற்றீசல்' என்றே பெயரிடலாம்.

எழுதியவர்: புற்றுநோய்ப் பிரிவுச் செவிலியர்

இந்த இழையில் இதுவரை எழுதியதில்லை; புற்றீசலைப் பார்த்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை. 'புற்றீசல் போல' என்று தமிழில் எதற்குச் சொல்வோம்? கட்டுக்கடங்காமல் பெருகுவதற்கு. 7.5 மில்லிலிட்டரில் இரண்டு செல் அகப்பட்ட ஒரு பெண்ணிடம் 'உங்கள் இரத்தத்தில் புற்றீசல் இருக்கிறது' என்று எந்த வாயால் சொல்வேன்? உயிரியல் பொருத்தம் எவ்வளவு இருந்தாலும் அந்தத் தாளை நான் அவர் கையில் கொடுக்க மாட்டேன்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றை யாரும் தொடவில்லை. இரத்தம், புற்று என்ற இரண்டு சொற்களும் ஒட்டி நின்றால், படிப்பவர் இரத்தப் புற்றுநோய் என்று எடுத்துக்கொள்கிறார். மார்பகத்தில் இருந்த நோய் போய் இரத்தப் புற்றாக மாறிவிட்டதா என்று கேட்டு அழுபவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். சுற்றோட்டமோ குருதியோ, எதைப் போட்டாலும் இந்தப் பயம் நீங்காது. இது மார்பகத்திலிருந்து வந்த செல் என்று சொல் தானே சொல்ல வேண்டும். நீளமானால் ஆகட்டும். 'இரத்தத்தில் காணப்படும் மார்பகப் புற்றுச் செல்கள்' என்று எழுதுங்கள். அடுத்த வரியிலேயே 'இது இரத்தப் புற்றுநோய் அன்று' என்று எழுதுங்கள்.

எழுதியவர்: தமிழாசிரியர்

அம்மா சொல்வது விளக்கம், கலைச்சொல் அன்று. ஐந்து சொற்களில் நீளும் தொடரிலிருந்து நாளைக்கு ஒரு பெயரடையோ கூட்டுச்சொல்லோ ஆக்க முடியுமா? இதே நோயாளிகளின் இரத்தத்தில் உலவும் புற்று டி.என்.ஏ.வையும் தேடுகிறார்களே, அது செல் அன்று, சிதைந்த செல்லின் துணுக்கு. இரண்டையும் பிரித்துச் சொல்ல நமக்கு ஒரு முன்னொட்டு வேண்டும். 'திரி' அதற்கு நின்று கொடுக்கும்.

எழுதியவர்: ஆய்வக நண்பர்

முன்னொட்டு தேவை என்பதில் ஐயாவோடு நிற்கிறேன். 'உலவு' என்று வைத்துக்கொள்வோமே? உலவுசெல், உலவு டி.என்.ஏ. எதுவும் இடிக்காது. 1869இல் ஆஸ்திரேலியாவில் தாமஸ் ஆஷ்வொர்த் என்ற மருத்துவர், புற்றுநோயால் இறந்த ஒருவரின் இரத்தத்தில் கட்டியில் இருந்தவற்றை ஒத்த செல்களைக் கண்டு எழுதியது தொடங்கி, சொல்லவந்த செய்தி இரத்தத்தில் அவை இருக்கின்றன என்பதுதான். எப்படி நகர்கின்றன என்பது பிறகு வந்த கேள்வி.

எழுதியவர்: தமிழாசிரியர்

உலவுதல் மனமகிழ்ச்சியோடு நடப்பது. தலைவன் வீதியில் பவனி வருவதைப் பாடும் சிற்றிலக்கியத்துக்கு உலா என்று பெயர். அந்தச் சொல்லை இந்தக் கொடிய நோயின் செல்லுக்குக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை.

எழுதியவர்: மொழிபெயர்ப்பாளர்

அனைவருக்கும் நன்றி. இன்று மாலை படிவத்தை அனுப்புகிறேன். உள்ளே செவிலியர் அம்மாவின் தொடரையே வைத்துவிட்டேன். முதல் முறை வருமிடத்தில் மட்டும் 'ஆய்வாளர்கள் இவற்றை உலவுசெல்கள் என்பர்' என்று ஒரு வரி. அது ஆய்வக நண்பர் தந்த சொல். 'அகப்படவில்லை' என்ற சொல்லும் சேர்ந்துவிட்டது.

மற்றொன்றையும் சேர்த்திருக்கிறேன். பரவிய மார்பகப் புற்றில் 5 அல்லது அதற்கு மேற்பட்ட செல்கள் அகப்பட்டவர்களின் ஆயுள் குறைவாக இருந்தது என்று 2004இல் 177 பெண்களை வைத்து வெளியான ஆய்வு சொன்னது. ஆனால் முதல் சுற்று மருந்துக்குப் பிறகும் எண்ணிக்கை குறையாதவர்களுக்கு உடனே மருந்தை மாற்றிப் பார்த்த ஆய்வில் ஆயுள் கூடவில்லை. அது 2014இல் வெளியானது. எண்ணிக்கையைத் தெரிந்துகொள்வதாலேயே சிகிச்சை மாறிவிடாது என்பதைக் கையெழுத்துக்கு முன்பே அவர்கள் அறிய வேண்டும். அந்தப் பத்தியைத் தனி இணைப்பாக வைத்திருக்கிறேன். சொல் எப்படியும் போகட்டும், வாக்கியம் புரிகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

எழுதியவர்: தமிழாசிரியர்

வாக்கியம் தெளிவு. மூன்றாம் வரியில் ஒற்று மிகும், திருத்திவிடுங்கள். உலவுசெல்லுக்கு என் இசைவு இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். திரிசெல்லைக் கலைச்சொல் தொகுப்பில் மாற்றுச் சொல்லாகவாவது சேர்க்க வேண்டும்.

எழுதியவர்: யாழ்ப்பாணத்து வாசகர்

கலத்தையும்.