அம்மாவை மருத்துவரிடம் பேசவைக்க வழி சொல்லுங்கள்

நண்பர்களே, ஓர் ஆலோசனை வேண்டும். கொரோனா தொடங்கியதிலிருந்து, எழுபதைக் கடந்த என் அம்மா ஓயாமல் கைகழுவுகிறார். சோப்பு போட்டு 20 விநாடி தேய்த்தால் போதும் என்று எவ்வளவு சொன்னாலும் மனம் ஆறுவதில்லை. குழாயை மூடிய கையோடு மறுபடியும் திறக்கிறார். விரல் இடுக்குகளில் தோல் வெடித்து ரத்தம் கசிகிறது. வெடித்த தோலில் கிருமி எளிதில் தங்கும் என்பதால் எனக்கு இரட்டிப்புக் கவலை. கழுவியதும் ஈரத்தை ஒற்றியெடுத்து வாசலின் தடவிவிடுகிறேன், எரிச்சல் சற்று அடங்குகிறது.

தூக்கமும் போய்விட்டது. “என்னால் உங்களுக்கு எதுவும் வந்துவிடக் கூடாது” என்று பேரப்பிள்ளைகளைக்கூட அருகில் விடுவதில்லை. பாவம், எல்லாம் எங்கள் மேலுள்ள பாசம்தான். மனநல மருத்துவரிடம் தொலைபேசியில் பேசலாம் என்றால், “எனக்கென்ன பைத்தியமா?” என்கிறார்.

வீட்டுப் பெரியவர்களை இதற்குச் சம்மதிக்க வைத்தவர்கள், என்ன சொல்லிப் புரியவைத்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். செய்தி பார்ப்பதைக் குறைத்தது பலன் தந்ததா என்றும் சொல்லுங்கள்.