1881 கணக்கெடுப்பில் காணாமல் போன மாமனாரின் தாத்தா: வொர்க்ஹவுஸ் பதிவுகளில் எங்கிருந்து தேடுவது?

குரோய்டன் மருமகள்:
வணக்கம். என் கணவர் இங்கிலாந்துக்காரர். 84 வயதாகும் மாமனாருக்காக அவருடைய தாத்தாவை ஆறு மாதமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். கையில் இருப்பது இவ்வளவுதான்: 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வயது 36, பிறந்த இடம் லண்டன் பாப்லர். 1899 கல்யாணச் சான்றிதழில் அப்பா பெயர், தொழில் மாலுமி, இறந்துவிட்டார். 1901லும் ஆள் இருக்கிறார். 1881, 1891 இரண்டிலும் இல்லவே இல்லை.

குடும்பப் பெயரை ஏழெட்டு விதமாக எழுத்துக் கூட்டிப் பார்த்தாயிற்று. லண்டன், மிடில்செக்ஸ் முழுக்கச் சலித்தாயிற்று. "தாத்தா கப்பலில் வளர்ந்தவர்" என்பார் மாமனார். அதற்கு மேல் அவருக்குத் தெரியாது. அலமாரியில் தாத்தாவின் பழைய கார்னெட், ஊதுகிற பித்தளை வாத்தியம், ஒன்று கிடக்கிறது. மாமனாரின் அத்தை ஒருமுறை "வொர்க்ஹவுஸ்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு, உடனே டீ போட எழுந்து போய்விட்டாராம்.

ராகமாலிகை:
அப்பா மாலுமி என்றால் கப்பல் ஊழியர் பட்டியலில் அவரைத் தேடிப் பாருங்களேன். அப்புறம் ஒரு சந்தேகம். வொர்க்ஹவுஸ் என்றால் நம் ஊர்க் கஞ்சித்தொட்டி மாதிரியா?

பழம்பதிவு:
கஞ்சித்தொட்டியில் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். வொர்க்ஹவுஸ் ஏழைகளை உள்ளேயே தங்கவைக்கும் விடுதி. உள்ளே போனால் புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். சொந்தத் துணியை வாங்கி வைத்துக்கொண்டு சீருடை கொடுப்பார்கள். வேறு வழியே இல்லாதவர்கள்தான் வரவேண்டும் என்பதற்காகவே 1834 ஏழைகள் சட்டத்தை அப்படி வைத்தார்கள்.

குரோய்டன் மருமகளுக்கு: அந்த அப்பாவை விடுங்கள், அம்மாவைப் பிடியுங்கள். கல்யாணத்தன்று மாப்பிள்ளை சொன்ன அப்பா பெயரை யாரும் சரிபார்க்கவில்லை. தகப்பன் பெயர் இல்லாதவர்கள் செத்துப்போன மாலுமி ஒருவரைச் சொல்லிவிடுவது சகஜம். அரசுப் பதிவாளர் அலுவலகத்தின் இணைய அட்டவணையில் பிறப்பைத் தேடுங்கள். அம்மாவின் கன்னிப்பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடு இருந்தால், பெரும்பாலும் கல்யாணமாகாத தாய்க்குப் பிறந்த பிள்ளை. சான்றிதழை வாங்கினால் அம்மா பெயரும் முகவரியும் கிடைக்கும். முகவரி தெரிந்தால் எந்த யூனியன் என்று தெரியும். பல திருச்சபை வட்டாரங்களைச் சேர்த்து ஏழைகளைக் கவனிக்கும் ஒரு கார்டியன் போர்டின் கீழ் வைத்ததுதான் யூனியன். 1930 வரை இந்த போர்டுகள் இருந்தன. லண்டன் போர்டுகளின் ஏடுகள் கிளர்க்கன்வெல்லில் உள்ள லண்டன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நிறைய ஏடுகளை ஆன்செஸ்ட்ரி என்ற வம்சாவளி இணையதளத்தில் ஏற்றியிருக்கிறார்கள்.

பாப்லரில் ஒரு சிக்கல் உண்டு. 1871 முதல் சில ஆண்டுகள் அந்த வொர்க்ஹவுஸை உடல்வலு உள்ளவர்களுக்கென்றே ஒதுக்கி, மற்றவர்களை ஸ்டெப்னி யூனியனுக்கு அனுப்பினார்கள். அதனால் ஸ்டெப்னி ஏடுகளையும் புரட்டுங்கள். சேர்க்கை ஏடு தேதிவாரியாக இருக்கும், கண் வலிக்கும். முதலில், உள்ளே வந்தவர்களின் மதத்தை எழுதிய சமயப் பதிவேட்டைப் பாருங்கள். 1869க்குப் பிறகு வந்தது, குடும்பப் பெயரின் முதலெழுத்துப்படி இருக்கும். எங்கிருந்து வந்தார், தகவல் சொன்னது யார் என்றும் அதில் எழுதியிருப்பார்கள். பல தடவை அந்த 'யார்' ஒரு அக்காவோ பாட்டியோதான்.

ஈஸ்ட்ஹாம்வாசி:
சகோ, நீங்கள் தேடிய மாவட்டமே தப்பு என்று நினைக்கிறேன். பாப்லர் பிள்ளைகளை வொர்க்ஹவுஸில் வைத்திருக்காமல் ஃபாரஸ்ட் கேட் பள்ளிக்கு அனுப்பினார்கள். இன்று அது லண்டன், அன்று எஸ்ஸெக்ஸ்! ஃபாரஸ்ட் லேனில் அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. பிரசவ ஆஸ்பத்திரியாக இருந்து இப்போது குடியிருப்பாகிவிட்டது. 1890 புத்தாண்டு பிறந்த இரவில் அங்கே தீப்பிடித்து 26 பையன்கள் இறந்தார்கள். வாரம் ஒருமுறை மளிகைப் பையோடு அந்த வழியாகப் போகிறவன் நான், இது தெரியாமலே பல வருஷம் போயிருக்கிறேன்.

'கப்பலில் வளர்ந்தவர்' என்பதும் நிஜமாக இருக்கலாம். கிரேஸ் ஊரருகே தேம்ஸில் எக்ஸ்மவுத் என்ற பயிற்சிக் கப்பல் நின்றது. அதற்கு முன் நின்ற கோலியாத் 1875இல் எரிந்துபோக, 1876இல் இது வந்தது. லண்டன் யூனியன்களின் ஏழைப் பையன்களைக் கடற்படைக்குப் பழக்கினார்கள். பேண்டு வாத்தியமும் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த கார்னெட்டை யோசியுங்கள். கிரேஸும் எஸ்ஸெக்ஸ்தான்.

குரோய்டன் மருமகள்:
மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். மாவட்டத்தை எடுத்துவிட்டுத் தேடினேன். 1881, ஃபாரஸ்ட் கேட் பள்ளி, வயது 6, பிறந்த இடம் பாப்லர். குடும்பப் பெயரில் ஒரு எழுத்துதான் மாறியிருந்தது!

பிறப்பு அட்டவணையில் நீங்கள் சொன்ன அதே கோடு. சான்றிதழில் அம்மா வீட்டு வேலைக்காரி. 1880 நவம்பரில் ஸ்டெப்னி ஏட்டில் அம்மாவும் பிள்ளையும் அடுத்தடுத்த வரியில். மூன்றே நாளில் வெளியே போய், அடுத்த வாரம் திரும்ப வந்திருக்கிறார்கள். பெயருக்கு முன்னால் ஒரு சின்னக் கட்டம், 'சேர்ந்த பின் அடுத்த வேளை' என்று தலைப்பு. முதல் தடவை 'இரவு உணவு', இரண்டாவது தடவை 'காலை உணவு'. யார் எந்த வேளைக்கு வந்தார்கள் என்று எதற்கு எழுதினார்கள்?

பழம்பதிவு:
ரொட்டிக் கணக்கு. அந்த வேளையிலிருந்துதான் அவர்களுக்கு அளந்து போடவேண்டும். வெளியே போகும்போது கடைசியாகச் சாப்பிட்ட வேளையையும் எழுதுவார்கள்.

போவதும் வருவதுமாக இருந்தவர்கள் நிறையப் பேர். அதனால் ஒரு பதிவோடு நிறுத்தாதீர்கள். அம்மா பெயரில் செட்டில்மென்ட் விசாரணை இருக்கிறதா பாருங்கள். செட்டில்மென்ட் என்றதும் சொத்துப் பத்திரம் ஞாபகம் வரவேண்டாம். இவளுக்குச் சோறு போடும் பொறுப்பு எந்த ஊருடையது என்ற வழக்கு அது. எங்கே பிறந்தாள், யார் வீட்டில் எவ்வளவு காலம் வேலை பார்த்தாள், எந்தத் தெருவில் என்ன வாடகைக்கு இருந்தாள் என்று குடைந்து கேட்டு எழுதியிருப்பார்கள். வேறு எந்தத் தாளும் எட்டிப்பார்க்காத ஏழைப் பெண்ணின் வாழ்க்கை அதில் கிடைக்கும். எனக்கு வொர்க்ஹவுஸ் ஏடுகளிலேயே பிடித்தது அதுதான்.

குரோய்டன் மருமகள்:
பார்க்கிறேன். 1891 மட்டும் இன்னும் மாட்டவில்லை. எக்ஸ்மவுத்திலும் இல்லை.

ஈஸ்ட்ஹாம்வாசி:
அப்போது 16 வயது. எக்ஸ்மவுத்திலிருந்து ராணுவ பேண்டுக்குப் போன பையன்கள் உண்டு. வெளிநாட்டில் இருந்த படையாட்கள் அந்தக் கணக்கெடுப்பில் வரமாட்டார்கள். லண்டன் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், படையாட்களின் பணித் தாள்கள் இருக்கும் டபிள்யூ.ஓ. 97 வரிசையில் பாருங்கள். ஓய்வூதியம் வாங்கியிராவிட்டாலும் 1883க்குப் பிறகு படையை விட்டவர்களின் தாள்கள் அதில் உண்டு.

குரோய்டன் மருமகள்:
நன்றி. சனிக்கிழமை கியூவுக்குப் போகிறோம், மாமனாரும் வருகிறார். நேற்று அந்த இரண்டு வரிகளை அச்செடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் அலமாரியிலிருந்து கார்னெட்டை எடுத்து வைத்துத் துடைத்துக்கொண்டிருக்கிறார். நடு பிஸ்டன் இறுகிப்போய் அசையவே மாட்டேன் என்கிறது. அதற்கு என்ன எண்ணெய் போடலாம் என்று யாருக்காவது தெரியுமா?