ரவுண்டானாவில் யார் முதலில் போகணும்?

கேள்வி:
தினமும் போகிற சந்திப்பில் சிக்னலை எடுத்துவிட்டு ரவுண்டானா வைத்துவிட்டார்கள். பதினெட்டு வருடமாக கார் ஓட்டுகிறேன். அங்கே போனாலே கால் தானாக பிரேக்குக்குப் போகிறது. நேற்று உள்ளே சுற்றும்போது, நுழையக் காத்திருந்த ஒருவருக்கு வழிவிட்டு நிறுத்தினேன். பின்னால் வந்த பைக் மயிரிழையில் தப்பியது. பின்சீட்டில் என் மகள். இன்னும் படபடப்பு அடங்கவில்லை. நான் செய்தது தவறா?

பதில்:
தவறுதாங்க. உள்ளே சுற்றுகிறவருக்குத்தான் முன்னுரிமை, நுழைகிறவர் காத்திருக்கணும். இடப்பக்கம் ஓட்டும் நாடென்றால் வலப்பக்கம் பார்த்து, இடைவெளி கிடைத்ததும் நுழையுங்கள். பிரிட்டனிலேயே இந்த விதி 1966இல்தான் வந்தது. அதற்கு முன்பு நுழைகிறவர்கள் முண்டியடித்து வட்டமே பூட்டிக்கொள்ளும்.

இன்னொரு பதில்:
இண்டிகேட்டரை விட்டுவிடாதீங்க. நீங்கள் வெளியேறும் சாலைக்கு முந்தைய சாலையைத் தாண்டியதும் இடது இண்டிகேட்டர். அதைப் பார்த்துத்தான் காத்திருப்பவர் வண்டியை எடுப்பார். வழியைத் தவறவிட்டால் இன்னொரு சுற்று போங்க, குறுக்கே வெட்டாதீங்க.

கேள்வி கேட்டவர்:
இரண்டு பேருக்கும் நன்றி. வெளியேறும்போது இண்டிகேட்டர் போடணும் என்பது எனக்குத் தெரியவே தெரியாது. ஞாயிறு விடியற்காலை, வண்டி அதிகம் இல்லாதபோது, நாலைந்து சுற்று பழகிப் பார்க்கிறேன்.