பழச்சாறு கடையிலும் ரயிலிலும் முன்பின் தெரியாதவர்கள் கர்ப்பிணிக்குப் பத்தியம் வகுப்பது சரியா?

அரசலாறு (கேள்வி):

நான் கும்பகோணத்தில் வசிக்கிறேன், தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் பணிபுரிகிறேன். இப்போது எனக்கு ஏழாம் மாதம். வயிறு வெளியே தெரியத் தொடங்கியதிலிருந்து, பொது இடத்தில் நான் எதை வாங்கி வாயில் வைத்தாலும், அதை நான் உண்ணலாமா கூடாதா என்று சொல்வதற்கு யாரேனும் ஒருவர் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறார்.

சென்ற வாரம் பேருந்து நிலையத்தின் அருகே ஒரு கடையில் அன்னாசிச் சாறு கேட்டேன். மிக்ஸி ஜாரில் போட்ட துண்டுகளைக் கடைக்காரர் திரும்பவும் தட்டில் கொட்டிவிட்டு, "மாசமா இருக்கீங்களேம்மா, சாத்துக்குடி போட்டுத் தர்றேன்" என்றார். எனக்கு அன்னாசிதான் வேண்டும் என்று சொன்னதும், அங்கே பீடி குடித்துக்கொண்டு நின்றிருந்த ஒரு பெரியவர், "வீட்டுல பெரியவங்க யாரும் இல்லியா?" என்று என்னைக் கேட்டார். ரயிலில் காபி வாங்கினால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்கிறார்கள். கோயிலிலோ இதற்கு நேர்மாறாக நடக்கிறது. நான் போதும் என்று கையை எடுத்த பிறகும், ரெண்டு உயிருக்குச் சாப்பிட வேண்டும் என்று சொல்லி ஓர் அம்மாள் என் தொன்னையில் இன்னொரு கரண்டி சர்க்கரைப் பொங்கலை வைத்துவிட்டுப் போனார்.

இவற்றில் எதற்கு மருத்துவ அடிப்படை உண்டு, எதற்கு இல்லை என்பதை விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும். பெரியவர்களிடம் மரியாதை குறையாமலும், அதே சமயம் அவர்கள் சொல்லுக்கு வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடாமலும் பேசுவது எப்படி என்பதையும் அறிய விரும்புகிறேன்.

வெண்ணாறு:

மகளே, நான் திருவையாற்றில் ஓய்வு பெற்ற ஆசிரியன். கடைக்காரர் கேட்ட பொருளை விற்க மறுத்தது அதிகப்படி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவரையும் அந்தப் பெரியவரையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க வேண்டாம். பிள்ளைத்தாய்ச்சிப் பெண் ஏறினால் நடத்துநர் யாரையாவது எழுப்பி இடம் வாங்கித் தருவதும், பூக்காரம்மா காசு வாங்காமல் ஒரு முழம் பூவை நீட்டுவதும், கண்டதைத் தின்னாதே என்று உரிமையோடு அதட்டுவதும் எங்கள் பக்கத்தில் ஒரே மனத்திலிருந்து வருபவை. எங்கள் பாட்டிமார் காலத்தில் பிரசவத்தில் ஒரு பெண்ணையாவது பறிகொடுக்காத தெரு அரிது. அந்தப் பயத்தில் பிறந்த விலக்குகளே இவை. "டாக்டர் சாப்பிடச் சொல்லியிருக்காங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள்.

குடமுருட்டி:

நான் திருவாரூர் மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராகப் பணிபுரிகிறேன். நீங்கள் கேட்டவற்றில் அன்னாசியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதில் புரோமிலைன் என்னும் நொதி இருப்பது உண்மை. ஆனால் அது செறிந்திருப்பது செடியின் தண்டில். தின்னும் சதைப்பகுதியில் உள்ள சிறு அளவால் கரு கலைந்தது என்பதற்குச் சான்று கிடையாது. வயிற்றெரிச்சல் உள்ளவர்களுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் போகலாம், அவ்வளவுதான். பப்பாளியில் காய் வேறு, பழம் வேறு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளைக் கொண்டு செய்து 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், பழுத்த பப்பாளியின் சாறு கருப்பையைச் சுருங்கச் செய்யவில்லை, பச்சைக் காயிலிருந்து வடியும் பால்தான் சுருங்கச் செய்தது. ஆகவே பப்பாளிக் காய்க் கூட்டை இந்த மாதங்களில் ஒதுக்கச் சொல்வதில் நியாயம் உண்டு. நன்கு கனிந்த பழத்தின் இரண்டு கீற்றைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. குழந்தையின் நிறம் பெற்றோரின் மரபணுவால் அமைவது. காபி அதைக் கறுக்க வைப்பதுமில்லை, குங்குமப்பூ வெளுக்க வைப்பதுமில்லை. குங்குமப்பூ வாங்கும் பணத்துக்கு முட்டை வாங்குங்கள் என்று நான் பல வீடுகளில் சொல்லியிருக்கிறேன். அதனால் சில மாமியார்களுக்கு என்மேல் கோபமும் உண்டு.

தனித்தனியாகப் பார்த்தால் இந்த விலக்குகள் ஒவ்வொன்றும் அற்பமாகவே தோன்றும். ஆனால் அன்னாசி ஆகாது, பப்பாளி ஆகாது, எள் சூடு, முட்டையும் சூடு, வாழைப்பழம் சளி, மீன் கரப்பான், கீரை ராத்திரியில் செரிக்காது என்று வருவோர் போவோரெல்லாம் ஆளுக்கொன்றாக எடுத்துவிட்டுப் போனால், அந்தப் பெண்ணின் தட்டில் மிஞ்சுவது சோறும் ரசமும் ஒரு சுட்ட அப்பளமும்தான். துணை சுகாதார நிலையத்துக்கு வரும் பெண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்க்கும்போது, சிவந்திருக்க வேண்டிய இடம் காகிதம்போல் வெளுத்திருப்பதை நான் அடிக்கடி காண்கிறேன். 2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அதனால்தான் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் அடங்கிய மாத்திரையை 180 நாள் தருகிறோம். அந்த மாத்திரையைத் தின்றால் பிள்ளை பெருத்துப்போய் ஆபரேஷனில் முடியும் என்று பேருந்தில் யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டு, அட்டையைப் பிரிக்காமலே அடுத்த மாதம் திரும்பக் கொண்டுவருபவர்கள் இருக்கிறார்கள்.

உண்மையில் அஞ்ச வேண்டியவை நீங்கள் நின்ற அந்தக் கடையிலேயே இருந்தன. சாற்றில் போடும் ஐஸ் எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று அங்கே ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். அசுத்தத் தண்ணீரால் பரவும் ஹெப்படைட்டிஸ் இ என்னும் மஞ்சள் காமாலை, கடைசி மூன்று மாதங்களில் பிடித்தால் நூற்றில் இருபது, இருபத்தைந்து பெண்கள் வரை இறக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆகவே அன்னாசிச் சாறு குடியுங்கள், ஐஸ் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பீடிப் புகையோ பிறர் விட்டதானாலும் கருவைப் பாதிக்கும். எடை குறைந்து குழந்தை பிறப்பதற்கு அது ஒரு காரணம். அறிவுரை சொன்ன பெரியவர் அதை அணைத்துவிட்டுப் பேசியிருக்கலாம்.

பொங்கல் விஷயமும் சிறியதன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கர்ப்ப காலத்துக்குக் கூடுதலாகப் பரிந்துரைப்பது நாளொன்றுக்கு 350 கிலோ கலோரி. இரண்டு இட்லி, ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம் என்பதோடு அது ஏறக்குறைய நிறைந்துவிடும். நாங்கள் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்துப் பார்ப்பது கர்ப்பகாலச் சர்க்கரையைக் கண்டுபிடிக்கத்தான். அந்தச் சோதனையில் 140ஐத் தாண்டிய பெண்ணுக்கும் வளைகாப்பில் ஆளுக்கொரு வாய் என்று ஊட்டிவிடுகிறார்கள். வேண்டாம் என்று அவள் முகத்தைத் திருப்பினால் அபசகுனம் என்கிறார்கள்.

வெட்டாறு:

வெண்ணாறு ஐயா அவர்களுக்குப் பணிவுடன் ஒன்று சொல்ல விரும்புகிறேன். ஒரு டம்ளர் பழச்சாறு குடிக்க ஒரு பெண் ஏன் மருத்துவரின் அனுமதியைக் காட்ட வேண்டும்? இன்றைக்கு அப்படிச் சொல்லித் தப்பினால், நாளைக்கு எந்த டாக்டர், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்பார்கள்.

எனக்கு முதல் கரு மூன்றாம் மாதத்தில் கலைந்தது. ஆறுதல் சொல்ல வந்தவர்களில் ஒருவர்கூட, நான் என்ன சாப்பிட்டேன் என்று கேட்காமல் எழுந்து போகவில்லை. மன்னார்குடியில் ஒரு கல்யாணத்தில் நான் எள்ளுருண்டை தின்றதை ஓர் அத்தை நினைவுபடுத்தினார்; "அப்பவே வேண்டாம்னு சொன்னேன்" என்றார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த என் மாமியார் அன்று என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. முதல் மூன்று மாதங்களில் நிகழும் கருச்சிதைவுகளில் ஏறத்தாழப் பாதி, கருவின் குரோமோசோம் கோளாறால் நிகழ்பவை என்பதையும், அதற்கும் தாய் தின்ற எதற்கும் தொடர்பில்லை என்பதையும் பின்னர் மகப்பேறு மருத்துவர் என் கணவரையும் உட்கார வைத்து விளக்கிய பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. கடையில் நிற்கும் முன்பின் தெரியாதவர் "சொல்லிவிட்டேன்" என்ற நிம்மதியோடு போய்விடுவார். ஏதேனும் நேர்ந்தால், ஊரே சொல்லியும் கேட்காதவள் என்ற பழியைச் சுமப்பவள் அந்தப் பெண். ஐயா குறிப்பிட்ட பயத்தை நான் மறுக்கவில்லை. அந்தப் பயத்தின் மொத்தக் கணக்கும் அவள் பேரில் எழுதப்படுவதையே மறுக்கிறேன்.

சகோதரிக்கு: "நான் பார்த்துக்கொள்கிறேன் ஐயா" என்று மட்டும் சொல்லுங்கள். மறுபடி கேட்டால் அதையே மறுபடி சொல்லுங்கள். காரணம் சொல்லத் தொடங்கினால் அது வழக்காகிவிடும்.

மண்ணியாறு:

நான் சீர்காழிப் பக்கம், இப்போது நியூஜெர்சியில் இருக்கிறேன். இந்தத் தலையீடு நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. இங்கே அன்னாசிக்குப் பதில் காபி, பச்சை மீன், ஒயின். நியூயார்க் நகர மனித உரிமை ஆணையம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒரு பெண் கர்ப்பிணி என்பதற்காக மட்டும் உணவகமோ மதுக்கூடமோ அவள் கேட்டதைத் தர மறுத்தால் அது பாகுபாடு. அப்படி ஒன்று எழுதி வைக்க வேண்டிய நிலை அங்கும் வந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

கடுவையாறு:

நாகப்பட்டினத்திலிருந்து எழுதுகிறேன். மீனைப் பற்றிச் செவிலியர் அம்மா ஒரு சொல்லோடு விட்டுவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் அதுதான் பெரிய விஷயம். மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்களில் பாதரசம் மிகக் குறைவு, புரதமும் நல்ல கொழுப்பும் மிகுதி. அவற்றைச் சூடு, கரப்பான் என்று தடுப்பார்கள். பிள்ளை பிறந்ததும், பால் ஊறும் என்று சுறாப் புட்டு செய்து கொடுப்பார்கள். பாதரசம் சேரும் பெரிய மீன்களில் சுறாவும் ஒன்று என்பதால், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் அதைத் தவிர்க்க வேண்டும் என்பது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அறிவுரை. தடுக்க வேண்டியதைக் கொடுத்து, கொடுக்க வேண்டியதைத் தடுக்கிறோம்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். குறுவை நடவின்போது, ஆறு மாத வயிற்றோடு சேற்றில் காலூன்றிக் காலை முதல் குனிந்து நிற்கும் பெண்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சாலையில் வண்டியில் போகும் எவரும் இறங்கி வந்து, இவளை நிழலில் உட்கார வையுங்கள், அன்றைய கூலியையும் கொடுங்கள் என்று நிலக்காரரிடம் சொல்லி நான் கண்டதில்லை. கல்லூரியிலோ நிறுவனத்திலோ வேலை செய்பவருக்கு 2017இல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து 26 வாரம் ஊதியத்துடன் விடுப்பு உண்டு. நடவுக்குப் போகிறவளுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் உதவித்தொகை உண்டு. அதுவும் தவணை தவணையாக வரும். அவளுடைய தூக்குவாளியில் என்ன இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பழச்சாறு கடையில் அறிவுரை சொல்வதற்குச் செலவு எதுவும் இல்லை என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

வெண்ணாறு:

கடுவையாறு சொன்னதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. செவிலியர் அம்மாவிடம் ஒன்று கேட்கிறேன். கர்ப்பிணி ஒருத்தி மது குடிப்பதையோ, சாம்பலும் மண்ணும் தின்பதையோ கண்ணெதிரே பார்த்தாலும் நாங்கள் வாயை மூடிக்கொண்டு போய்விட வேண்டுமா?

குடமுருட்டி:

ஐயா, மதுவில் கர்ப்ப காலத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் வரையறுக்கப்படவில்லை. அதை நானே சொல்வேன். ஆனால் நாலு பேர் முன்னிலையில் அதட்டினால் அவள் நிறுத்த மாட்டாள், மறைப்பாள். ஊராரிடம் மறைக்கப் பழகியவள் என்னிடமும் மறைப்பாள். சாம்பலும் பச்சரிசியும் தின்னும் ஆசை பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைவோடு சேர்ந்தே வருகிறது. ஏசுவார்கள் என்று பயந்து அதைச் சொல்லாமல் விட்டதால், இரத்தம் மிகவும் குறைந்த பிறகே எங்களிடம் வந்த பெண்களை எனக்குத் தெரியும். நீங்கள் அவள் வீட்டுக்குப் பழக்கமானவரானால் தனியே கூப்பிட்டு, செவிலியரிடம் ஒருமுறை காட்டிக்கொள் என்று சொல்லுங்கள். பழக்கமில்லாதவரானால் அதையும் விட்டுவிடுங்கள்.

அரசலாறு:

அனைவருக்கும் நன்றி. அன்னாசி பற்றிய ஐயம் தீர்ந்தது. காபியைப் பற்றி மட்டும் இன்னும் தெளிவு வேண்டும். நான் பிறந்ததும் வளர்ந்ததும் கும்பகோணம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று இல்லாமல் எனக்குத் தலை நிற்காது.

குடமுருட்டி:

காஃபீன் நாளொன்றுக்கு 300 மில்லிகிராமைத் தாண்டுபவர்கள் குறைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிரிட்டன் அரசு மருத்துவத் துறை 200 என்று இன்னும் இறுக்கிச் சொல்கிறது. டிகாக்‌ஷன் எவ்வளவு திக்காக இறங்குகிறது, எவ்வளவு சிக்கரி கலந்திருக்கிறது என்பதைப் பொறுத்து டம்ளருக்கு டம்ளர் அளவு மாறும். சிக்கரியில் காஃபீன் இல்லை. சிறிய டம்ளரில், இரண்டாம் டிகாக்‌ஷனும் கலந்து, காலையும் மாலையும் குடித்தால் நீங்கள் அந்த எல்லைக்குள்தான் இருப்பீர்கள். தேநீரும் கோலாவும் அதே கணக்கில் சேரும் என்பதை மறக்க வேண்டாம். இரும்பு மாத்திரையை மட்டும் காபியோடு சேர்த்து விழுங்காதீர்கள். இரும்பு உடலில் சேர்வதைக் காபியும் தேநீரும் தடுக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் விடுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எலுமிச்சைச் சாற்றோடு மாத்திரையைப் போட்டுக்கொள்வது உங்களைப்போல் வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதியாக இருக்கும்.