கேபினெட் காற்றோட்டம்: ‘நேர்மறை அழுத்தம்’ என்பதற்கு மாற்றுச்சொல் வேண்டும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

மேசைக் கணினிக் கேபினெட் தேர்வுக் கையேட்டுக்கான சொற்பட்டியல் ஏறக்குறைய முடிந்துவிட்டது. துளையிட்ட உலோக முகப்புக்கு ‘சல்லடை முகப்பு’ என்பதை எல்லோரும் ஏற்றாயிற்று. இழுபறி ஒன்றில்தான். காற்றை உள்ளே இழுக்கும் விசிறிகள் வெளியேற்றும் விசிறிகளை விஞ்சினால், கேபினெட்டுக்குள் அழுத்தம் வெளியைவிடச் சற்றே கூடும். பேச்சில் இது ‘பாசிட்டிவ் பிரஷர்’. எழுத்தில் ‘நேர்மறை அழுத்தம்’ என்கிறார்கள். இதன் மறுதலை ‘எதிர்மறை அழுத்தம்’. படிப்பவர் முன்னது நல்லது, பின்னது கெட்டது என்றே எடுத்துக்கொள்வார். அழுத்தம் சுழிக்குக் கீழே போவதாகவும் தோன்றும். உண்மையில் வெளிக்காற்றைவிடக் கொஞ்சம் குறைகிறது, அவ்வளவுதான். ‘மிகையழுத்தம்’, ‘குறையழுத்தம்’ என்று வைக்கலாமா?

———

> ‘மிகையழுத்தம்’, ‘குறையழுத்தம்’ என்று வைக்கலாமா?

பொருள் சரி. ஆனால் மருத்துவத்தில் ‘மிகை இரத்த அழுத்தம்’ ஊன்றிவிட்டதால் ‘மிகையழுத்தம்’ என்றதும் கோளாறு என்றே தோன்றும்.

அதைவிட, அழுத்தத்தைப் பெயரில் வைப்பதே வீண் என்பது என் கருத்து. கேபினெட் விசிறி அடைப்புக்கு எதிராக உண்டாக்கக்கூடிய அழுத்தம் சில மில்லிமீட்டர் நீர் உயரம் (அவ்வளவு உயர நீர் தரும் அழுத்தம்); வளிமண்டல அழுத்தமோ சுமார் 10,300 மில்லிமீட்டர். இந்த வேறுபாட்டை யாரும் வீட்டில் அளக்கப் போவதில்லை. வாங்குபவர் பார்க்க வேண்டியது, காற்று எவ்வளவு வருகிறது, எந்த வழியாக வருகிறது என்பதைத்தான். அணைச் செய்திகளில் ‘நீர்வரத்து’ என்கிறோமே, அப்படியே ‘காற்றுவரத்து’ எனலாம். முன் விசிறிகள் ‘வரத்து விசிறிகள்’. கூடினால் ‘வரத்துமிகு அமைப்பு’, குறைந்தால் ‘வரத்துக்குறை அமைப்பு’.

பயன் எளிதில் விளங்கும். வரத்துமிகு அமைப்பில் காற்று தூசு வடிகட்டி வழியாக நுழைகிறது. விசிறிகள் வெளியேற்றியது போக எஞ்சியது இடுக்குகளில் கசிந்து வெளியேறுகிறது. வரத்துக்குறையில் அதே இடுக்குகள், அதாவது பின்புற ஸ்லாட் மூடிகளும் (கார்டு செருகாத இடங்களை அடைக்கும் தகடுகள்) யுஎஸ்பி வாய்களைச் சுற்றிய சந்துகளும், வடிகட்டாத காற்றை உறிஞ்சும். அந்த ஓரங்களில் தூசு கோடு கோடாகப் படிந்திருந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே.

———

‘வரத்து’ பிடித்திருக்கிறது. ஆனால் விளக்கத்தில் விசிறிகளின் எண்ணிக்கையை மட்டும் எழுதிவிடாதீர்கள். முன்னால் மூன்று, பின்னால் ஒன்று இருந்தாலே வரத்துமிகு என்று சொல்ல முடியாது. அட்டைப்பெட்டியில் அச்சிட்ட காற்றளவு தடையே இல்லாத நிலையில் எடுத்தது. வடிகட்டியும் முகப்பும் அதிலிருந்து எவ்வளவு பிடித்துக்கொள்ளும் என்பது கேபினெட்டுக்குக் கேபினெட் மாறும்.

அழகுக்காக வாங்கும் கண்ணாடி முகப்பையே கணக்கிடுவோம். 120 மில்லிமீட்டர் விசிறியில் நடுக்குமிழைக் கழித்தால் காற்று புகும் பரப்பு ஏறத்தாழ 90 சதுர சென்டிமீட்டர். மூன்றுக்கு 270. கண்ணாடிக்குப் பக்கவாட்டில் 40 செ.மீ. உயரமும் 1 செ.மீ. அகலமுமாக இரு பக்கமும் பிளவு விட்டிருந்தால் மொத்தம் 80. மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! விசிறி வேகத்தைக் கூட்டினால் சத்தம்தான் முதலில் கூடும். மரப்பட்டிகை முகப்பு இதைவிடத் தேவலை: பட்டிகையும் இடைவெளியும் ஒரே அகலமானால் பாதிப் பரப்பு திறந்திருக்கும். அதன் பின்னால் கெட்டியான தகடு இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். சில கேபினெட்டுகளில் பட்டிகை வெறும் ஒப்பனை.

எதையெல்லாம் வெளியேற்றத்தில் சேர்ப்பது என்பதையும் எழுதுங்கள். அடியிலிருந்து தனி வடிகட்டி வழியே இழுத்துப் பின்னால் விடும் பவர் சப்ளை கணக்கில் வராது. பவர் சப்ளையின் விசிறி கேபினெட்டின் உட்பக்கம் பார்த்திருந்தால் அது வெளியேற்றும் விசிறிதான். பின்புறமாக ஊதித் தள்ளும் வகைக் கிராஃபிக்ஸ் கார்டும் அப்படியே. திறந்த விசிறிக் கார்டு காற்றை உள்ளேயே சுழற்றிவிடுவதால் சேராது.

சோதிக்கும் முறை: பக்கப் பலகைகளை மூடி, மெல்லிய டிஷ்யூ காகிதக் கீற்றொன்றை ஸ்லாட் மூடிகளின் அருகே பிடிக்க வேண்டும். உள்ளே ஒட்டினால் வரத்துக்குறை, விலகினால் வரத்துமிகு. பின் விசிறியின் வீச்சு பட்டால் கீற்று பொய் சொல்லும், தள்ளிப் பிடிக்கவும். கணினி சும்மா இருக்கும்போதும் முழுச் சுமையிலும் பார்க்க வேண்டும், ஏனெனில் விசிறிகளின் வேகவிகிதம் மாறும்போது அமைப்பே மாறிவிடும்.

———

இருவருக்கும் நன்றி. ‘வரத்துக்குறை’ என்பதற்கு இணையாக ‘போக்குமிகு’ என்றும் தனிமடலில் ஒரு பரிந்துரை வந்தது. ‘போக்கு’ வயிற்றை நினைவூட்டுவதால் விட்டுவிட்டேன். ‘வெளியேற்று விசிறி’ நீளமானாலும் இருக்கட்டும்.

பட்டியலில் இப்படிச் சேர்க்கிறேன்:

வரத்துமிகு அமைப்பு: விசிறிகள் வெளியேற்றுவதைவிட, வடிகட்டியும் முகப்பும் தடுத்தது போக உள்ளே வந்துசேரும் காற்று கூடுதலாக உள்ள அமைப்பு. எஞ்சிய காற்று இடுக்குகள் வழியே வெளியே கசியும்.

வரத்து விசிறி: காற்றை உள்ளே தரும் விசிறி. சட்டத்தில் மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கைகள் உள்ள பக்கமாகவே காற்று வெளிப்படும். அந்தப் பக்கம் கேபினெட்டின் உள்நோக்கி இருக்க வேண்டும்.

மேற்கூரையின் முன் மூலையில் வெளியேற்று விசிறி வைத்தால், முன்னாலிருந்து வரும் குளிர்காற்று பிராசஸரை எட்டுமுன்பே மேலே போய்விடுகிறது. இந்த இழப்புக்கு ‘குறுக்குக்கசிவு’ என்று எழுதியிருந்தேன். இடுக்குக் கசிவோடு குழம்புவதால் அதை எடுத்துவிட்டேன். ‘வரத்துத் திருப்பம்’ சரிவருமா?